உண்மை என்று அச்சிட்ட பக்கம்

பிரான்ஸ் நாட்டில் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி அன்னமாஸ் என்றொரு ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பியேர் பிளான்டார் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சட்டப்படி அரசு அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள். பக்கத்தில் இருந்த சியோன் குன்றின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள்: 'பிரியரி ஆஃப் சயன்'. சங்கத்துக்கு 'சர்க்யூட்' என்று ஓர் இதழும் உண்டு. குறைந்த வாடகை வீடுகளில் குடியிருப்பவர்களின் உரிமைகளைப் பற்றியெல்லாம் அதில் எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் சங்கம் ஓய்ந்துவிட்டது.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2003 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் ஒரு நாவல் வெளியானது. கதை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தனிப் பக்கம். 'உண்மை' என்று அதற்குத் தலைப்பு. அந்தத் தலைப்பின் கீழே இதே பிரியரி ஆஃப் சயன், 1099இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய ரகசிய சபையாக மாறியிருந்தது. வாடகை வீட்டுப் பிரச்சினை பேசிய சங்கம் சிலுவைப் போர்க் காலத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த நாவல் டான் பிரவுனின் 'டா வின்சி கோட்'. 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. நானும் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தவன்தான். படித்து முடித்த பிறகு எரிச்சலும் வந்தது. நன்றாக ஏமாற்றினார் என்று சிரிப்பதா, ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுவதா என்பது இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. அந்தப் புத்தகம் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் காரணம் கிடைக்கிறது.

காகிதங்கள் வளர்ந்த கதை

தெற்கு பிரான்ஸில் ரென்-லெ-ஷாட்டோ என்ற மலைக் கிராமம். பெரஞ்சே சோனியேர் என்ற பாதிரியார் 1885இல் அங்கே பங்குத் தந்தையாக வந்தார். ஏழைப் பங்கில் இருந்துகொண்டு மாளிகையும் கோபுரமும் கட்டினார். பணம் ஏது? பூசை வைப்பதாகச் சொல்லி ஊர் ஊராகத் தபாலில் காணிக்கை வாங்கினார் என்று மறைமாவட்டமே அவரை விசாரித்து, பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது. விஷயம் அவ்வளவுதான்.

1950களில் அந்த மாளிகை நோயல் கோர்பு என்பவர் கைக்கு வந்தது. அவர் அதில் உணவு விடுதி நடத்தினார். மலையேறி வரும் வாடிக்கையாளருக்குச் சாப்பாட்டோடு ஒரு கதையும் பரிமாறினார்: பாதிரியாருக்குப் புதையல் கிடைத்தது என்று. உள்ளூர்ப் பத்திரிகை அதை எழுதியது. பிளான்டார் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். பாதிரியாருக்குக் கிடைத்தது தங்கம் மட்டுமல்ல, பழைய மெரோவிஞ்சிய அரச வம்சம் அழியவில்லை என்பதற்கான ஆவணங்கள் என்றார். அந்த வம்சத்தின் வாரிசு யார்? பிளான்டார்தான். ஆவணங்களை 'எழுதித்' தந்தவர் அவருடைய நண்பர் பிலிப் த ஷெரிஸே. தட்டச்சு செய்த காகிதங்கள் சிலவற்றைத் தொகுத்து 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். லியோனார்டோ, நியூட்டன், விக்டர் ஹ்யூகோ எல்லோரும் பிரியரியின் தலைவர்களாக இருந்தவர்கள் என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. நூலகத்தில் இருக்கிற காகிதம் பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இவர்களுடைய மூலதனம்.

ஜெரார் த செட் என்ற எழுத்தாளர் 1967இல் இதைப் புத்தகமாக்கினார். விடுமுறைக்குப் போன இடத்தில் அதன் மலிவுப் பதிப்பைப் படித்த ஆங்கிலேயர் ஹென்றி லிங்கன் அதை பிபிசி ஆவணப்படமாக்கினார். பிறகு மைக்கேல் பெய்ஜென்ட், ரிச்சர்ட் லீ இருவரோடும் சேர்ந்து 1982இல் 'ஹோலி பிளட் அண்ட் ஹோலி கிரெயில்' என்ற நூலை எழுதினார். இயேசுவுக்கும் மகதலா மரியாளுக்கும் குழந்தை பிறந்தது, அந்த ரத்தம்தான் மெரோவிஞ்சிய வம்சத்தில் கலந்தது, பிரியரி காப்பது அந்த ரகசியத்தைத்தான் என்ற வாதம் இந்த நூலில்தான் வருகிறது. பிளான்டாரே அதைக் கேட்டு மிரண்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஊர் வதந்திக்கு ஒவ்வொரு வாயிலும் ஒரு கை உப்பு சேரும்; இங்கே உப்பு போட்டவனுக்கே தெரியாமல் குழம்பு வேறாகிவிட்டது.

1993இல் வேறொரு வழக்கு விசாரணையில் பிளான்டாரின் பெயர் அடிபட்டது. வீட்டைச் சோதனை போட்டார்கள். எல்லாம் தான் இட்டுக்கட்டியது என்று நீதிபதி முன் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2000இல் இறந்துபோனார். நாவல் வெளியானபோது பிரியரியின் குட்டு உடைந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரவுன் எழுதியபோது உண்மை யாருக்கும் தெரியாமல் இருக்கவில்லை.

பாட்டெழுதப் போனவர்

டான் பிரவுன் 1964இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கணக்கு வாத்தியார். பாடப் புத்தகங்கள் எழுதியவர். வீட்டில் புதிர்களுக்குக் குறைவில்லை. மகன் பாடகராகவும் பாடலாசிரியராகவும் ஆகலாம் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பி ஆங்கில ஆசிரியரானார். தஹிட்டித் தீவுக்கு விடுமுறைக்குப் போனபோது சிட்னி ஷெல்டனின் நாவல் ஒன்று கையில் அகப்பட்டது. இதைப்போல நம்மாலும் எழுத முடியுமே என்று தோன்றியது. இதை அவரே பின்னாளில் நீதிமன்றத்தில் வாக்குமூலமாகச் சொன்னார்.

1998, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார். மூன்றும் விற்பனையில் சுமார். நான்காவது நாவலுக்கு மனைவி பிளைத் ஆராய்ச்சியில் பெரும் பங்கெடுத்தார். பிரவுனின் பதிப்பாசிரியர் ஜேசன் காஃப்மன் வேலை மாறி டபுள்டே பதிப்பகத்துக்குப் போனார். பிரவுனும் கூடவே போனார். புதிய பதிப்பகம் பணத்தைக் கணக்குப் பார்க்காமல் இறைத்தது. புத்தகம் வருவதற்கு முன்பே ஏறக்குறைய 10,000 இலவசப் பிரதிகள் கடைக்காரர்களுக்கும் மதிப்புரையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. விளைவு, வந்த வாரமே நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம். முந்தைய மூன்று நாவல்களையும் ஜனங்கள் தேடிப் பிடித்து வாங்கத் தொடங்கினார்கள்.

ஆனால் விளம்பரத்தால் ஒரு புத்தகத்தை முதல் வாரம் விற்கலாம். மூன்று ஆண்டுகள் விற்க முடியாது. அதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, கதை சொன்ன விதம். இன்னொன்று, அந்த முதல் பக்கம்.

ஏன் கீழே வைக்க முடியவில்லை

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நள்ளிரவில் அதன் காப்பாளர் கொல்லப்படுகிறார். அவர் பெயரும் சோனியேர்தான். மலைக் கிராமத்துப் பாதிரியாரிடமிருந்து எடுத்தது. சாவதற்குள் தரையில் எண்களையும் சொற்களையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் லாங்டன் மேல் பழி விழுகிறது. காப்பாளரின் பேத்தி சோஃபி, சங்கேத எழுத்து நிபுணர், அவரைக் காப்பாற்றுகிறாள். இருவரும் ஓடத் தொடங்குகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு ராத்திரியும் மறுநாளும்தான் கதை நடக்கிற காலம்.

அதற்குள் 105 அத்தியாயங்கள். சில அத்தியாயங்கள் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றும் கதவு திறக்கிற நேரத்தில், பெட்டி மூடி அசைகிற நேரத்தில் முடியும். அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் வேறு ஆளிடம் போய்விடும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் 'தொடரும்' போட்டுப் பழகிய நமக்கு இந்த உத்தி புதிதல்ல. ஆனால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும் என்பதுதான் ஆபத்து. ராத்திரி ஒரு மணிக்கு 'இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்' என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு வித்தையும் உண்டு. துரத்தலுக்கு நடுவில் பாடம் நடத்துவார். ஃபிபனாச்சி எண் வரிசை, எழுத்துகளை இடம் மாற்றினால் வேறு சொல் வருகிற புதிர், கண்ணாடியில் பார்த்தால் படிக்க முடிகிற லியோனார்டோவின் கையெழுத்து. புதிரை விடுவிக்கும்போது வாசகன் பாத்திரத்துக்கு அரைப் பக்கம் முன்னால் போய்விடும்படி அமைத்திருப்பார். நாம் கெட்டிக்காரர் என்ற நினைப்பை நமக்கே விற்கிற கலை இது. அந்த விஷயத்தில் அவர் பெரிய கைக்காரர்தான்.

வாக்கியம் எழுதுகிற விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பாத்திரம் அறிமுகமானதும் அவருடைய படிப்பு, பதவி, விருது எல்லாம் பயோடேட்டாவாக வந்து விழும். சோஃபி சங்கேத நிபுணர் என்றாலும் பாதிக் கதையில் அவளுக்கு வேலை ஆண்கள் விளக்கம் சொல்லும்போது வியப்பதுதான். சல்மான் ருஷ்டி இந்த நாவலைப் பொதுமேடையிலேயே கிழித்தார். உம்பெர்த்தோ எகோவின் கிண்டல் இன்னும் நயமானது. டெம்பிளர் வீரர்கள், ரகசிய சபைகள் என்று இதே சரக்கை வைத்து, அப்படிப்பட்ட சதிக் கதைகளை நம்பித் தொலைந்துபோகிறவர்களைப் பற்றி 1988லேயே 'ஃபூக்கோஸ் பெண்டுலம்' எழுதியவர் அவர். டான் பிரவுன் தன் நாவலில் வரும் ஒரு பாத்திரம் என்றார்.

வில்லனாக வரும் சைலஸ் வெண்மேனி கொண்டவன். தோலும் முடியும் வெளுத்து, கண் சிவந்தவன். கசையால் தன்னையே அடித்துக்கொள்ளும் துறவி, கொலைகாரன். அமெரிக்காவில் வெண்மேனி உள்ளவர்களின் அமைப்பு இதை எதிர்த்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வைக் குறைவு உண்டு. ராத்திரியில் குறி பார்த்துச் சுடுவதும் கார் ஓட்டுவதும் அவர்களுக்கு எளிதல்ல. சின்ன வயதிலிருந்து கேலிக்கு ஆளாகிறவர்களை இன்னொரு முறை பேயாகக் காட்டியிருக்கிறது கதை. மதம் புண்பட்டதைப் பற்றி எழுந்த சத்தத்தில் இந்தக் குரல் அமுங்கிப்போனது. எனக்கு இந்தப் புகார்தான் மற்றவற்றைவிட நியாயமாகப் படுகிறது.

பொய் எங்கே தொடங்குகிறது

நாவலில் பொய் இருக்கலாம். பொய்தான் நாவல். பிரச்சினை, கதைக்கு வெளியே நின்று சத்தியம் செய்யும் அந்த ஒரு பக்கம். பிரியரி நிஜ அமைப்பு. நாவலில் வரும் கலைப் படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், சடங்குகள் பற்றிய வருணனைகள் எல்லாம் துல்லியமானவை. இதுதான் அந்தப் பக்கம் தரும் உத்தரவாதம். தொலைக்காட்சிப் பேட்டிகளிலும் பின்னணி உண்மைதான் என்று பிரவுன் சொல்லிவந்தார்.

சரிபார்த்தால்? லூவர் முற்றத்தின் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்கிறது நாவல், இருப்பது 673. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருப்பவை பழைய தோல் சுவடிகள் என்கிறது. அவை தட்டச்சுக் காகிதங்கள். ஓபுஸ் டேய் என்ற கத்தோலிக்க அமைப்பின் துறவி கொலை செய்கிறான். அந்த அமைப்பில் துறவிகளே கிடையாது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர் பேரவை இயேசுவின் தெய்வத்தன்மையைச் சிறு வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது என்கிறது. இருநூற்றுக்கு மேற்பட்ட ஆயர்களில் கையெழுத்திட மறுத்துக் கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பேர். பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்ற தேர்வு அந்தப் பேரவையில் நடக்கவேயில்லை. எகிப்தின் நாக் ஹம்மாடியில் 1945இல் கிடைத்தவற்றைச் சுருள்கள் என்கிறது. அவை காப்டிக் மொழியில் எழுதித் தைக்கப்பட்ட புத்தகங்கள்.

இவையெல்லாம் தவறு என்று எழுதியவர்களில் பாதிரிமார் மட்டுமல்ல, பார்ட் எர்மனும் இருந்தார். அவர் ஆதி கிறிஸ்தவ வரலாற்று அறிஞர், நம்பிக்கையாளராக இல்லாதவர். 2004இல் அவர் ஒரு முழு நூலே எழுதினார். சபையைக் காப்பாற்றும் கவலை அவருக்கு இல்லை. வரலாறு இப்படி நடக்கவில்லை என்பதுதான் அவர் கவலை.

இருந்தும் நாவலில் ஓர் இடம் என்னைத் தொட்டது. மகதலா மரியாளுக்கு அநியாயம் நடந்தது என்கிறதே, அந்த இடம். அது பொய்யல்ல. நற்செய்தி நூல்களில் அவர் விலைமகள் என்று எங்குமே இல்லை. 591இல் திருத்தந்தை முதலாம் கிரிகோரி ஒரு பிரசங்கத்தில், பெயரில்லாத பாவியான பெண்ணையும் பெத்தானியா மரியாளையும் மகதலா மரியாளையும் ஒரே ஆளாக்கினார். பதினான்கு நூற்றாண்டுகள் ஓவியர்களும் பிரசங்கிகளும் அவரைக் கண்ணீரும் கலைந்த கூந்தலுமாகவே காட்டினார்கள். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கலப்பை விட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழாவின் நிலைக்கு உயர்த்தினார்.

இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? பிரசங்கம் கோயிலில் நடந்தது. ஓவியங்கள் சுவரில் தொங்கின. ஒரு பெண்ணின் பெயர் கெட்டது ஊரறிய நடந்தது. சதி தேவைப்படவில்லை, பழக்கமே போதுமாக இருந்தது. பிரவுன் இதை ரகசிய சபை, ஒளித்துவைத்த ஆவணம், கொலை என்று மாற்றிவிடுகிறார். சதிக்காரன் ஒருவன் இருந்தால் அவனைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது. பழக்கம் செய்த அநியாயத்துக்கு யாரைப் பிடிப்பது? நாவல் அந்தக் கடினமான கேள்வியிலிருந்து நழுவி ஓடிவிடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கோடிக்கணக்கானவர்கள் பேச ஆரம்பித்தது இதனால்தான் என்பதையும் மறுக்க முடியாது. எர்மனின் புத்தகத்தைத் தேடிப் போனவர்களில் பலர் பிரவுன் வழியாகத்தான் போனார்கள்.

லண்டன் நீதிமன்றத்தில்

2006 பிப்ரவரியில் நாவல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 'ஹோலி பிளட்' எழுதிய மூவரில் பெய்ஜென்டும் லீயும் வழக்குத் தொடுத்தார்கள், லிங்கன் ஒதுங்கிக்கொண்டார். எங்கள் நூலின் மையக் கருத்தையே திருடிவிட்டார் என்பது வழக்கு. பிரதிவாதி, நாவலின் பிரிட்டிஷ் பதிப்பாளரான ராண்டம் ஹவுஸ்; வேடிக்கை என்னவென்றால் அதுதான் இவர்கள் நூலுக்கும் பதிப்பாளர். பிரவுன் அவர்கள் நூலை மறைக்கவில்லை. நாவலில் ஒரு பாத்திரம் அலமாரியிலிருந்து அந்த நூலை எடுத்தே காட்டுகிறது. அந்தப் பாத்திரத்தின் பெயர் லீ டீபிங். ஒருவருடைய பெயர் அப்படியே. இன்னொருவருடைய பெயரின் எழுத்துகளை இடம் மாற்றியது.

வழக்கின் சிக்கலைப் பாருங்கள். பெய்ஜென்டும் லீயும் தங்கள் நூலை வரலாற்று ஆராய்ச்சி என்று வெளியிட்டவர்கள். வரலாறு யாருக்கும் சொந்தமில்லை; நடந்த விஷயத்தையும் பொதுவான கருத்தையும் யாரும் எடுத்து எழுதலாம். எல்லாம் எங்கள் கற்பனை என்று சொல்லியிருந்தால் வழக்குக்குக் கொஞ்சம் பலம் இருந்திருக்கும்; அப்படிச் சொன்னால் நூலின் மானம் போய்விடும். உண்மை என்று அட்டையில் போட்டதாலேயே அவர்கள் கை கட்டுப்பட்டது. அதே உண்மைச் சீட்டை ஒட்டித்தான் பிரவுன் கோடிகள் சம்பாதித்தார். ஏப்ரல் 7ஆம் தேதி நீதிபதி பீட்டர் ஸ்மித் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீடும் தோற்றது. செலவுத் தொகை பெருஞ்சுமையாக வாதிகள் தலையில் விழுந்தது. வழக்கு நடந்தபோது இரண்டு நூல்களின் விற்பனையும் ஏறியது.

நீதிபதிக்கும் நாவல் தொற்றிக்கொண்டது. தீர்ப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எழுத்துகள் சாய்வாக அச்சாகியிருந்தன. சில வாரங்கள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞர் கூர்ந்து பார்த்து, ஃபிபனாச்சி வரிசையைக் கொண்டு உடைத்தார். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜாக்கி ஃபிஷரையும் 'டிரெட்நாட்' போர்க்கப்பலையும் பற்றிய வரி அதில் ஒளிந்திருந்தது. நீதிபதிக்குக் கடற்படை வரலாற்றில் ஆர்வம். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேவாலயமும் கேமராவும்

இதற்குள் வாசகர்கள் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். பாரிஸ் செயின்ட்-சுல்பீஸ் தேவாலயத்தின் தரையில் ஒரு பித்தளைக் கோடு உண்டு. ஈஸ்டர் நாளைக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் அமைத்த வானியல் கருவியின் பகுதி அது. நாவல் அதைப் புறச்சமயக் கோயிலின் எச்சம் என்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டதால், சமீபத்தில் வெளிவந்து நிறைய விற்ற ஒரு நாவல் சொல்வதுபோல இது இல்லை என்று தேவாலயம் அறிவிப்புப் பலகையே வைத்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் சிற்றாலயத்துக்கு நடந்தது வேறு. 1446இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயம் ஈரத்தில் ஊறிச் சிதிலமாகி, மேலே தகரக் கூரை போட்டுக் காத்துவந்தார்கள். ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பேர் வந்த இடத்துக்கு 2006இல் சுமார் 1,75,000 பேர் வந்தார்கள். அந்த நுழைவுக் கட்டணம் திருப்பணிக்குப் பெரிய உதவியானது. பொய்யின் காசில் மெய்யான கல் பழுது பார்க்கப்பட்டது.

ரான் ஹாவர்ட் இயக்கத்தில், டாம் ஹாங்க்ஸ் நடிப்பில் படம் தயாரானபோது லூவர் அருங்காட்சியகம் ராத்திரி நேரத்தில் படப்பிடிப்புக்கு அனுமதித்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, இறையியல்படி இந்தக் கதை ஏற்கத்தக்கதல்ல என்று மறுத்துவிட்டது. லிங்கன் நகரின் பேராலயம் 1,00,000 பவுண்டு நன்கொடை பெற்றுக்கொண்டு கதவைத் திறந்தது. வத்திக்கான் தரப்பில் கர்தினால் பெர்த்தோனே 2005லேயே இதை வாங்காதீர்கள், படிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். லெபனான் 2004இல் நாவலைத் தடை செய்தது. ஓபுஸ் டேய் மட்டும் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. தடை கேட்கவில்லை, படத்தின் தொடக்கத்தில் இது கற்பனை என்று போடச் சொல்லிக் கேட்டது. தன் வீட்டுக் கதவைப் பத்திரிகையாளர்களுக்குத் திறந்து, வந்து பாருங்கள் என்றது.

சென்னைக்கு வந்தபோது

ஓபுஸ் டேய் கேட்டுக் கிடைக்காதது இந்தியாவில் கிடைத்தது. உலகம் முழுவதும் 2006 மே 19 அன்று படம் வெளியானது. இங்கே எதிர்ப்பு எழுந்ததால், அப்போதைய மத்திய அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி கத்தோலிக்கத் திருச்சபையின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து படம் பார்த்தார். வயது வந்தோருக்கான சான்றிதழோடு, இது முழுக்கக் கற்பனை என்ற அறிவிப்பு அட்டையையும் சேர்த்து ஒரு வாரம் தாமதமாகப் படம் வந்தது. நாவலின் முதல் பக்கத்தில் உண்மை. படத்தின் முதல் காட்சியில் கற்பனை. அமெரிக்கப் புத்தகம் சொன்ன பொய்யை நம் தணிக்கை வாரியம் திருத்தியது என்று சொல்லலாம்.

அப்படியும் ஆந்திரம், கோவா, நாகாலாந்து, பஞ்சாப் என்று சில மாநிலங்களில் தடை வந்தது. தமிழ்நாட்டிலும் ஜூன் தொடக்கத்தில் படம் நிறுத்தப்பட்டது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. அப்போது முதல்வர் மு. கருணாநிதி. 1952இல் அவர் வசனம் எழுதிய 'பராசக்தி'யைத் தடை செய்ய வேண்டும் என்று எழுந்த கூச்சலை அவர் மறந்திருக்க மாட்டார். சிறுபான்மையினரின் மனம் புண்படக் கூடாது என்ற அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாவல் கடைகளிலும், திருட்டுப் பதிப்பாக நடைபாதைகளிலும் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. உண்மை என்று சத்தியம் செய்த புத்தகத்தை வாங்கலாம். கற்பனை என்று ஒப்புக்கொண்ட படத்தைப் பார்க்கக் கூடாது!

படத்தின் விநியோகஸ்தர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விசாரித்தார், பின்னாளில் ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர். இந்த மாதிரி வழக்குகளுக்கெல்லாம் தாய்த் தீர்ப்பு தமிழ்ப் படம் ஒன்றிலிருந்து வந்ததுதான். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கில், போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லியிருந்தது. தணிக்கை வாரியம் சான்று கொடுத்த படத்தை எதிர்ப்பு வரலாம் என்ற அச்சத்தில் அரசு நிறுத்தக் கூடாது என்பதே சென்னைத் தீர்ப்பின் சாரமும். ஜூலையில் தடை ரத்தானது. படம் ஓடியது, அலுப்பூட்டியது. ஊர் இடிந்து விழவில்லை.

காகிதமாகத் திரும்பிய கதை

எல்லோரும் வாங்கிய புத்தகத்துக்கு ஒரு சாபம் உண்டு. படித்து முடித்ததும் யாரிடம் கொடுப்பது? எல்லோரிடமும் அது இருக்கிறது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபாம் அறக்கட்டளைக் கடைகளுக்கு அதிகமாகத் தானமாக வந்துசேர்கிற எழுத்தாளராக டான் பிரவுன் ஆனார். வேல்ஸில் ஸ்வான்சீ நகரின் ஆக்ஸ்ஃபாம் கடை 2017இல், தயவுசெய்து இனி டா வின்சி கோட் கொண்டுவராதீர்கள் என்று அறிவித்தது.

டேவிட் ஷ்ரிக்லி என்ற கலைஞர் அந்தச் செய்தியைப் பார்த்தார். யாருக்கும் வேண்டாத பிரதிகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஏறக்குறைய 6,000 பிரதிகள் சேர்ந்ததும் அவற்றைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அந்தக் காகிதத்தில் 1,250 பிரதிகள் அச்சிட்டார். 2023 அக்டோபரில் அதே ஸ்வான்சீ கடையில் அவை விற்பனைக்கு வந்தன. ஒரு பிரதி 495 பவுண்டு. ஆர்வெல்லின் நாயகனுக்கு உத்தியோகம் உண்மை அமைச்சகத்தில். பழைய செய்தித்தாள்களைத் திருத்தி நேற்றைய உண்மையை இன்றைக்கு ஏற்ப மாற்றி எழுதுவது அவன் வேலை. ஷ்ரிக்லி விமர்சனம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் என் பிரதியைக் கூழாக்கக் கொடுக்க மாட்டேன். அந்த முதல் பக்கம் இல்லாவிட்டால் இது விறுவிறுப்பான, சுமாராக எழுதப்பட்ட ஒரு துப்பறியும் நாவல், பத்தோடு பதினொன்று. அந்தப் பக்கம்தான் அதை உலகம் முழுக்கப் பேச வைத்தது. ரோஸ்லினுக்குக் கூட்டம் வந்ததும் அதனால்தான். மகதலா மரியாளைப் பற்றி வீட்டுத் திண்ணைகளில் பேச்சு எழுந்ததும் அதனால்தான். பக்தர்கள் மனம் நொந்ததும், மோசடிக்காரர் ஒருவரின் காகிதங்கள் வரலாறு என்று கோடிப் பேர் மனதில் பதிந்ததும் அதனால்தான். லாபத்தையும் நஷ்டத்தையும் பிரித்தெடுக்க முடியவில்லை. எனக்குக் குழப்பம் தீராததன் காரணம் இதுதான். தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டுமென்றால், கதை எழுதிய பிரவுனுக்குப் பாஸ் மார்க். சத்தியம் செய்த பிரவுனுக்கு ஃபெயில்.

இன்னும் படிக்காதவர்கள் தாராளமாகப் படிக்கலாம், தமிழிலும் கிடைக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். கதைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பக்கத்தையும் கதையாகவே படியுங்கள். முடித்ததும் ஒரு நல்ல வரலாற்று நூலைக் கையில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆதாரம், ஆவணம், மறைக்கப்பட்ட உண்மை என்று தினமும் பத்து செய்திகள் வருகிற காலத்தில் நமக்கு அந்தப் பயிற்சி இருப்பது நல்லது.